வலது காதுப் பக்கத்து நாற்காலி

நேராக உட்கார வேண்டும். கையைக் கட்டக் கூடாது. லேசாக முன்னால் சாய வேண்டும். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். ஆலோசகர் பயிற்சியின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். நான் அன்றைக்கே கையைத் தூக்கினேன். "மேடம், எங்க ஏரியாவுல இப்டி கண்ணையே பாத்துகினு இருந்தா, இன்னா மொறைக்கிறன்னு சண்டைக்கு வந்துருவாங்க" என்றேன். வகுப்பு சிரித்தது. பயிற்றுநரும் சிரித்தார். சிரித்து முடித்து, "பழகிடும்" என்றார்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. திருவொற்றியூரில் ஒரு பெண்கள் உதவி மையத்தின் வாசல் மேஜையில் உட்கார்ந்து பேர் எழுதி, டோக்கன் கொடுக்கிற வேலை. உள்ளறையில் ஆலோசகரைப் பார்ப்பதற்கு முன்பே பாதிப் பேர் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். உள்ளறையில் ஓர் இடம் காலியானபோது எங்கள் பொறுப்பாளர், "சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வா, அந்த சீட் உனக்குத்தான்" என்றார். அதற்காகத்தான் தண்டையார்பேட்டையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பஸ் பிடித்து ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூட மாடிக்குப் போனேன். கீழே துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்தபடி நகராமல் நிற்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எங்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பயிற்றுநர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். எங்களை மூன்று மூன்று பேராகப் பிரிப்பார். ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும், ஒருவர் ஆலோசகராகக் கேட்க வேண்டும், மூன்றாமவர் கையில் தாளோடு பக்கத்தில் உட்கார்ந்து டிக் போட வேண்டும். கண்ணைப் பார்த்தாரா, டிக். சொன்னதைத் திருப்பிச் சொன்னாரா, டிக். 'எப்படி', 'என்ன' என்று விரிவாகப் பேசவைக்கும் கேள்வி கேட்டாரா, டிக். சொல்ல வேண்டிய கஷ்டத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வந்த முதல் சீட்டு, பதவி உயர்வு கிடைக்காத ஏமாற்றம். இருபது வருஷமாக டோக்கன் கிழிக்கிறவளுக்கு எந்தப் பதவி, எந்த உயர்வு? வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தேன். ரொம்ப இயல்பாக இருந்ததாகப் பாராட்டினார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அழுகிறவருக்கு உடனே தண்ணீர் நீட்டாதே, டீ வாங்கப் போகாதே, மனசுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு கம்மென்று இரு என்று பயிற்றுநர் சொன்னது உண்மை. நாங்கள் எல்லாரும் டீ வாங்க எழுந்து ஓடுகிற ஜாதி. அழுகையைப் பார்க்க முடியாமல்தான் ஓடுகிறோம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கடைசி ஞாயிறு செய்முறைத் தேர்வு. எனக்கு எதிரில் உட்கார வைக்கப்பட்டவர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர். ராயபுரத்துக்காரர். மாதா கோயிலிலிருந்து நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பேசுவதற்காகப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். தொண்டை கிழியப் பேசுவார். முன்கோபி என்று வகுப்பில் எல்லாரும் கொஞ்சம் தள்ளியே இருந்தார்கள். தாளோடு பயிற்றுநரே உட்கார்ந்தார்.

கிரேன்காரர் தன் சீட்டைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது வாணாம்மா. என் கதைய சொல்றேன்" என்றார்.

நான் ஏதோ கேட்டேன். அவர் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினார். இன்னொரு முறை கேட்டேன், மறுபடியும் திருப்பினார். அப்போதுதான் உறைத்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு வலது பக்கம், தோளோடு தோளாகப் போட்டு உட்கார்ந்தேன். "இன்னா நைனா, இந்தப் பக்கம் கேக்குதா?" என்றேன்.

அவர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்தார். எண்ணினேன். பத்தைத் தாண்டியும் எண்ணினேன்.

"எடது காது போயி ரொம்ப வர்சமாச்சு. சொன்னா கிரேன்லேர்ந்து எறக்கிருவாங்க. யார்கிட்டயும் சொல்லல. வூட்லயும் சொல்லல. ரிட்டயர் ஆன அப்பால கூட சொல்லல, பயகிப்போச்சு. காது கேக்காதவன் கத்தித்தான பேசுவான்? என் பொண்டாட்டி சீக்கா கெடந்த நாலு மாசமும் கத்திகினே இருந்துகிறேன். மாத்தர போட்டியா, சாப்டியான்னுதான் கேட்டேன். அது செத்த அப்பால பக்கத்து வூட்டம்மா சொல்லுது, 'அவருக்கு எம்மேல இன்னா கோவம்னே தெரீல'ன்னு சொல்லி அயுதுச்சாம்." அவர் கை முழங்காலைப் பிடித்துக்கொண்டது. "நான் கத்தலம்மா. எனக்கு கேக்கல."

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கோவமே இல்ல நைனா உனுக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் அழுதார். நான் டீ வாங்கப் போகவில்லை.

முடிந்ததும் பயிற்றுநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகமும் சிவந்துதான் இருந்தது. "நல்லா போச்சு. ஆனா ஃபார்ம்ல எதுவுமே வரல. கண்ணைப் பார்க்கல, விரிவாப் பேசவைக்கிற கேள்வி ஒண்ணுகூட இல்லை, கிளையண்டை நைனான்னு கூப்பிட்டீங்க. என்னால பாஸ் போட முடியாது. அடுத்த ஞாயிறு இன்னொரு வாய்ப்பு தரேன். அவரையே திரும்ப உட்கார வைக்கலாம். இவ்வளவு ஆழமான விஷயம் கிடைக்கிறது கஷ்டம். அதையே சொல்லச் சொல்லுங்க, நீங்க திறன்களை மட்டும் ஒழுங்கா காட்டுங்க."

எனக்கு உச்சி மயிர் வரைக்கும் எரிந்தது. "அந்த மனுசன் இத்தினி வர்சத்துல மொத தபா வாயத் தொறந்துகிறாரு மேடம். அத திருப்பி ஓட்டிக் காட்ட அது இன்னா வீடியோவா?" என்று கேட்டேன். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன். பயிற்றுநர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் கிரேன்காரர் என் வேலையிடத்துக்கே வந்துவிட்டார். யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருக்க, ஓர் ஓரமாக நின்றார். எழுந்து அவர் வலது பக்கம் போனேன்.

"உனுக்கு அந்த உள்ரூம் சீட்டு போயிரும்னு சொன்னாங்க. நான் வேணா இன்னொரு தபா சொல்றேன்மா. எனுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். ஒன்றும் இல்லை என்பதைத் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"வாணாம் நைனா."

"ஏம்மா? வேல ஆச்சே."

"மொத தபா நீ சொன்னத நான் கேட்டேன். ரெண்டாவது தபா சொன்னா, கேக்குற மாரி நடிக்கணும். உங்கிட்ட என்னால நடிக்க முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். எந்தத் தாளிலும் டிக் போட முடியாத பார்வை அது. நானும் திருப்பிப் பார்த்தேன், முறைப்பதாக அவர் நினைக்கவில்லை.

ஞாயிறு நான் ராயபுரம் போகவில்லை. உள்ளறைக்கு வேறொருவர் வந்துவிட்டார், நன்றாகவே செய்கிறார். என் தாளில் 'தேர்ச்சி பெறவில்லை' என்று எழுதியிருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிறேன்.