ஆறு விரல் பூனை

நான் வாக்கப்பட்டு பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது, அந்தப் பூனை எனக்கு முன்பே அங்கே குடியிருந்தது. எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. அதனால் சண்டை, புகை, கருவாட்டு வாசனை எல்லாமே பொது. பூனையும் பொது. சுவர்மேல் நடந்து பன்னிரண்டு அடுப்பையும் விசாரித்துவிட்டு, படுக்க மட்டும் என் அடுப்படிக்கு வரும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

சாம்பல் நிறப் பெட்டை. முன்னங்கால் இரண்டிலும் ஆறாறு விரல். ஆறாவது விரல் நம் கட்டைவிரலைப் போல விலகி நிற்கும். அந்தக் காலால் சட்டி மூடியைத் தள்ளித் திறக்கும். மூடிமேல் கல்லை வைத்தேன், கல்லையும் தள்ளியது. ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று லயமே நம்பியது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுக்கப் போனவர்கள் அதன் முகத்தில் விழித்துவிட்டுத்தான் போனார்கள். போன ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பூனையின் மரியாதை மட்டும் குறையவில்லை.

நான் முழுகாமல் இருக்கிறேன் என்று தெரிந்த நாளில் அந்த அதிர்ஷ்டம் தலைகீழானது. என் முதல் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டிருந்தது. இதையாவது கையில் தாங்க வேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. நாலு காம்பரா தள்ளிக் குடியிருந்த கணவரின் அக்கா வந்து, பிள்ளைத்தாச்சி எதை ஓயாமல் பார்க்கிறாளோ அது பிள்ளைக்கு வந்துவிடும் என்றார். கொழுந்து பறித்துப் பிழைக்கிற கையில் கோளாறு இருந்தால் தோட்டத்தில் பேர் பதிவார்களா, பெண்ணாயிருந்தால் யார் கட்டுவார் என்று கேட்டார். ஆறு விரல் அதிர்ஷ்டம் என்றீர்களே என்றேன். பூனைக்குத்தான் அது, பிள்ளைக்கு ஆகாது என்றார்.

எனக்கு வாய் நீளம். எடக்காக நாலு வார்த்தை சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டில் வரிசையாக நிற்கும்போது மற்றவர்கள் கைகளையே பார்த்தேன். மலையில் கொழுந்து கிள்ளும்போது என் விரல்களை எண்ணினேன். கூடையில் கொழுந்தைக் காணோம், கையில் என்ன ஜோசியமா பார்க்கிறாய் என்று கங்காணி ஏசினார். வீட்டுக்கு வந்து படுத்தால் பூனை வந்து வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து நடப்பேன். அதுவும் பின்னாலேயே நடக்கும். பழைய கம்பளியைக் கிழித்து அதன் கால்களுக்கு இரண்டு பை தைத்தேன். மாட்டிவிட்ட வேகத்தில் சுவரேறி ஓடி, ஒரு பையை நாத்தனார் வீட்டுக் குழம்பில் உதறிவிட்டு வந்தது.

அதோடு அவர் பொறுமை தீர்ந்தது. பூனையா பிள்ளையா என்று என் கணவரிடம் கேட்டுவிட்டார். கணவர் என்னைப் பார்த்தார். அதை விரட்ட வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம்.

"கொண்டு போயி விட்டுருங்க" என்றேன்.

மறுநாள் அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோய், ஹட்டனில் ஓர் அரிசிக்கடைக்குப் பின்னால் இறக்கிவிட்டு வந்தார். கடையில் எலிக்குப் பஞ்சமில்லை, பிழைத்துக்கொள்ளும் என்றார்.

கண்ணுக்கு மறைந்தால் மனதுக்கும் மறையும் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணை மூடினால் அந்தப் பாதம்தான் வந்து நின்றது. இருந்தபோது அதை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. சுவர்மேல் எலி ஓடினால்கூட எழுந்து பார்ப்பேன். ஐந்து மாதம் இப்படியே அலைந்தேன்.

பிள்ளை ஒரு மழைநாள் மத்தியானத்தில் பிறந்தது. ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. விரலை எண்ணுங்கள் என்றேன். தோட்டத்து மருத்துவச்சி எண்ணினார். இடது கைக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடியும் எண்ணினார். பிறகு பெண்பிள்ளை என்று சொல்லி, அதை என் மார்பில் போட்டு, நீயே பார் என்றார். சுண்டுவிரலை ஒட்டி நெல்மணி அளவில் இன்னொரு விரல். அதற்கும் ஒரு நகம் இருந்தது. பிள்ளை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தது. அத்தனை மாதம் பயந்த பயத்தை எனக்குள் தேடிப் பார்த்தேன், காணவில்லை. பூனையை நினைத்துத்தான் அழுகை பொங்கியது.

விரலுக்காக அழுகிறேன் என்று நாத்தனார் நினைத்துவிட்டார். பாவம், அவர் கண்ணும் கலங்கியது. அடியில் நூலை இறுக்கிக் கட்டினால் பத்து நாளில் தானாக உதிர்ந்துவிடும், கவலைப்படாதே என்று சொல்லிக்கொண்டே பூக்கட்டும் நூலோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பிள்ளையின் கையை என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"ஒங்க பேச்சக் கேட்டு ஒண்ண வெரட்டுனது போதும் அண்ணி. இதத் தொட்டீங்கன்னா, நானும் புள்ளையும் ஹட்டனுக்கே போயிருவோம்."