லயத்து ஜன்னலில் ஒரு திரை

சமையலறை ஜன்னலில் தொங்குகிறதே ஒரு மஞ்சள் துணி, அதைக் கழற்றி எறிந்துவிட்டு நல்லதாக ஒன்று மாட்டலாம் என்று மூத்தவள் போன வாரம் சொன்னாள். தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போகிறோம். அவள் சொன்னதில் தப்பில்லை. துணியில் இருந்த பழுப்புப் பூக்கள் எப்போதோ வெளுத்துப் போயின. இந்த ஜன்னலுக்கு அது அளவும் பத்தாது, இரண்டு பக்கமும் சாண் அகலத்துக்கு வெயில் வருகிறது. ஆனாலும் கழற்ற மாட்டேன் என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போல, பிள்ளை முகம் வாடிவிட்டது. அதனால்தான் இதைப் பிள்ளைகள் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், சொல்வதில் இருக்காது.

எண்பதுகளில் நாங்கள் புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்தில் ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள். வீட்டுக்கு முன்னால் ஒரே ஒரு ஜன்னல், அதை ஒட்டியே நடைபாதை. பகலில் அந்த ஜன்னலை யாரும் மூட மாட்டார்கள். மூடியிருந்தால் உள்ளே சாவு, இல்லையென்றால் அம்மை என்று அர்த்தம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட வரும் மண்டோர் ஒவ்வொரு ஜன்னலிலும் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே போவார். காய்ச்சல் என்று படுத்திருப்பவனுக்கு உண்மையிலேயே காய்ச்சலா என்பதை அவர் கண்தான் தீர்மானிக்கும். நான் அதிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு அது தப்பாகத் தெரிந்ததே இல்லை. அதே ஜன்னல் வழியாகத்தான் பக்கத்து வீட்டுக் கஞ்சியும் எனக்கு வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

உங்கள் அம்மா புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வந்தவர். தையல் தெரிந்தவர். மூத்தவளே, நீ பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஜன்னலுக்குக் கீழே கட்டிலில் உட்கார்ந்து அம்மா உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மண்டோரின் தலை உள்ளே வந்தது. "எப்ப வேலைக்கு வர்ற?" என்று கேட்டார். தலை உடனே போகவில்லை. அன்றிலிருந்து அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் பால் கொடுத்தார். "அவர் எல்லா வீட்லயும்தான் பாக்குறாரு" என்றேன். இத்தனை வருடத்தில் நான் சொன்னவற்றில் என்னைக் கூச வைப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

அந்தச் சமயம், மண்டோருக்கு மேலே தோட்டக் கணக்குப் பார்க்கும் கிராணி வீட்டு அம்மா தன் ஜன்னல்களுக்குத் திரை தைக்கத் துணி கொடுத்தனுப்பினார். வேலை முடிந்ததும் உங்கள் அம்மா கூலி வேண்டாம் என்று சொல்லி, மிச்சம் விழுந்த துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு ஆணி, ஒரு கயிறு. எங்கள் ஜன்னலில் திரை தொங்கியது.

அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கைநிறைய வேப்பிலையோடு ஓடி வந்தார். "யாருக்குடி போட்டிருக்கு, பிள்ளைக்கா?"

"யாருக்கும் இல்லக்கா. சும்மா திரை."

"திரையா? உள்ள என்ன, தங்கத்தக் காய வச்சிருக்கியா?" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த வேப்பிலையை வீணாக்காமல் எங்கள் வாசலிலேயே செருகிவிட்டுப் போனார்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் மண்டோர் என்னைப் பிடித்தார். "உன் பொண்டாட்டி என்ன, பெரிய கிராணியம்மாவா? சாயங்காலத்துக்குள்ள அதக் கழட்டிரு. லோரி வேலைக்கு உன் பேரச் சொல்லி வச்சிருக்கேன், ஞாபகம் இருக்குல்ல?" செம்பனைக் குலை வெட்டித் தோள் செத்துக் கிடந்தவனுக்கு லோரி வேலை என்பது சின்ன விஷயமில்லை. அம்மா குழாயடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து நானே கழற்றினேன். மடித்துக் கட்டிலில் வைத்தேன்.

அம்மா வந்தார், பார்த்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் மாட்டினார். பிறகுதான் பேசினார். "இன்னொரு தரம் இதக் கழட்டுனா, அதே கையால கதவையும் கழட்டிருங்க. அப்புறம் நான் எதுக்கு உள்ள இருக்கணும், ரோட்டுலயே இருந்துக்கிறேன்."

அந்த வாரமே கிராணி லயத்துச் சுத்தம் பார்க்க வந்தார், பின்னால் மண்டோர். ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பது தோட்டத்து விதி. கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்த மாட்டார். "ஜன்னல் மூடக் கூடாதெண்டு தெரியாதோ?"

அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு திரையை ஒரு பக்கம் தூக்கிக் காட்டினார். "தொறந்துதாங்கய்யா இருக்கு. காத்து நல்லா வருது."

கிராணி துணியைப் பார்த்தார். "இது எங்கட வீட்டுத் துணியல்லோ?"

"ஆமாங்கய்யா, உங்க வீட்டு அம்மா குடுத்த மிச்சம். ரோட்டுல போறவங்க உள்ள பாக்கக் கூடாது, நல்லா கீழ வரைக்கும் எறக்கித் தையின்னு அம்மா சொன்னாங்க. எனக்கும் அதுக்குத்தாங்கய்யா."

லயமே வாசலுக்கு வந்து நின்றது. கிராணி மண்டோர் பக்கம் திரும்பாமலே, "சரி, அடுத்த வீட்டைப் பார்ப்பம்" என்று நடந்தார்.

மண்டோர் விடவில்லை. மறுநாள் காலை, "கிராணி கெடக்கட்டும், நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டார். "கழட்ட மாட்டேன்" என்றேன். லோரி வேலை வேறொருவனுக்குப் போயிற்று. தோட்டத்தை விட்டு வரும்வரை நான் குலைதான் வெட்டினேன். தோள்வலி இன்னும் இருக்கிறது, அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அடுத்த மாதம் வேப்பிலை அக்கா வீட்டில் ஒரு பழைய கைலி தொங்கியது. அப்புறம் இன்னும் இரண்டு வீட்டில் கோதுமை மாவுச் சாக்கு. அந்த வீடுகளின் முன்னால் மண்டோர் வெளியே நின்று பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டார்.

எங்களிடம் ஒளிக்க ஒன்றும் இருந்ததில்லை. ஒன்றும் இல்லாதவன் வீட்டுக்குள்ளும் கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அம்மா கேட்டது.

இப்போது இந்த வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் கம்பி இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அம்மாவும் இல்லை. மற்ற ஜன்னல்களுக்கு உங்கள் விருப்பம்போல் எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள். சாயம் அடிக்க வருபவரிடம், சமையலறையில் அந்தத் துணியைக் கழற்றாமல், அதில் படாமல் சுற்றிலும் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம் கழற்றியிருக்கிறேன். இனிக் கழற்ற மாட்டேன்.