மொத ஆளா வந்து நின்ன வண்டி

இன்னைக்கு கூட்டேரிப்பட்டு டீக்கடையில கண்ணையன் அண்ணனைப் பாத்தேங்க. பேரு சொன்னா யாருக்கும் தெரியாது. ஆனா போன வருஷம் நம்ம எல்லாரும் வீடியோ ஷேர் பண்ணோமே, விழுப்புரம் – திண்டிவனம் நட்பு ஆத்துத் திருவிழா, அந்த யோசனையே இவரோடதுதான். பேச ஆரம்பிச்சு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன்.

அண்ணன் திண்டிவனம் பக்கம் ஒரு காலனி. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை தூக்குற வேலை. வீட்டுக்காரங்க சின்னபொண்ணு அக்கா பொறந்தது விழுப்புரத்துக்கிட்ட, பெண்ணையாத்துக் கரையில. தை அஞ்சாம் நாள் அங்க சுத்துப்பட்டு சாமியெல்லாம் வண்டியில வந்து ஆத்துல தீர்த்தவாரி ஆடும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அக்கா கேட்டது ஒண்ணுதானாம். "உங்க தெரு அம்மனையும் ஒருவாட்டி எங்க ஆத்துக்கு இட்டுக்கினு வாய்யா."

அதுக்குத்தான் மூணு வருஷம் அலைஞ்சாரு. ரெண்டு ஊரு பெரியவங்ககிட்டயும் பேசி, ரெண்டு ஊரு சாமியும் ஒரே கரையில நிக்கட்டும்னு விழாக் குழு போட வச்சாரு. குழுவுல ஒரே பேஜாரு. பேனர்ல எந்த ஊரு பேரு மொதல்ல வரணும்னே ரெண்டு மாசம் சண்டை. எந்த சாமி மொதல்ல நிக்கிறதுன்னு பேச்சு வந்தப்போ அண்ணன்தான் சொல்லியிருக்காரு, மொதல்ல வர்ற வண்டி மொதல்ல நிக்கட்டும்னு. எல்லாரும் கை தட்டி ஒத்துக்கினாங்க.

அன்னைக்கு விடியகாலம் அஞ்சு மணிக்கே தெரு மாரியாத்தாளை குட்டியானை வண்டியில கொண்டாந்து மொத ஆளா நிறுத்திட்டாரு. ஏழு மணிக்குள்ள பின்னாலேயே இன்னும் பத்து வண்டி.

ஆத்துல முழங்கால் தண்ணி, கெழக்க பாத்து ஓடுது. அப்பத்தான் யாருக்கோ உறைச்சிருக்கு. மேற்கு ஓரத்துல, தண்ணி வர்ற பக்கம் நிக்கிறது காலனி அம்மன். இந்த அம்மன் குளிச்ச தண்ணிதான் மத்த பத்து சாமிக்கும் போகும்.

அதை யாரும் வாய் விட்டு சொல்லலீங்க. குழுத் தலைவர் புகழேந்தி, திண்டிவனத்துக்காரர், வந்து தோள்ல கை போட்டாராம்.

"கண்ணையா, வண்டிய ரிவர்ஸ் எடுத்து கடைசில போட்டுக்க. இங்க இடம் பத்தல."

"நிக்கிற வண்டிக்கு எப்படிங்க இடம் பத்தாமப் போவும்?"

"பேசிக்கினே இருக்காத. டிவிக்காரங்க வந்துட்டாங்க, ஜல்தி எடு."

"சரிங்க, நடுவுலயாச்சும் ஒரு இடம் குடுங்க."

விழுப்புரத்து ஆளு ஒருத்தரு சிரிச்சாராம். "இன்னாய்யா, இது மல்லாட்டை மூட்டையா, நீ நெனைச்ச எடத்துல எறக்க?"

அண்ணன் டீய ஆற விட்டுட்டு என்கிட்ட சொன்னாரு, "பேனருக்கு ரெண்டு மாசம் அடிச்சிக்கினவங்க தம்பி. இதுக்கு ஒரே நிமிஷத்துல ஒத்துப் போயிட்டாங்க. நட்பு விழா நல்லாத்தான் வேலை செஞ்சிச்சு."

அண்ணன்கூட வந்த தெருப் பசங்க கையில கல்லு எடுத்துட்டாங்க. சின்னபொண்ணு அக்காதான் குறுக்க நின்னு, "வண்டிய எடுய்யா, ஆத்தா நம்ம தெருவுக்கே வரட்டும்"னு சொன்னாங்களாம். பொறந்த ஊரு ஆத்துல காலு கூட நனைக்காம வண்டியில ஏறிட்டாங்க.

வழியெல்லாம் ஜனங்க, அம்மன் குளிச்சிட்டு வருதுன்னு நெனைச்சு தீர்த்தம் கேட்டு சொம்பை நீட்டினாங்களாம். இதைச் சொல்றப்போ அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு.

நான் ஷேர் பண்ண வீடியோவுல பத்து சாமிதாங்க இருந்துச்சு. எனக்கு எண்ணிப் பாக்கவே தோணலை.

இந்த வருஷமும் அவரைக் கூப்பிட்டிருக்காங்க. பிளாஸ்டிக் சேர் எறக்குறதுக்கு.

"போறீங்களாண்ணே?"

"அவ இப்போ அம்மா வீட்டுக்கே போறதில்ல தம்பி. ஆத்தைப் பாக்கணுமேன்னு. அவளுக்காகத்தான் ஆரம்பிச்சேன். கடைசில அவ ஊரையே அவளுக்கு இல்லாமப் பண்ணிட்டேன்."

எங்க பெரியப்பாவும் அந்தக் குழுவுல இருக்காருங்க. இதை அவருக்குத்தான் மொதல்ல அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் வரல. உங்க மாமா, சித்தப்பா யாராச்சும் அதுல இருப்பாங்க. கூச்சப்படாம அவங்களுக்கு அனுப்புங்க, அந்த அம்மனுக்கு எந்த இடம்னு கேளுங்க. தை அஞ்சுக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு.