துரைசானி அடுப்பை அணைத்த நாள்

எங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் ஒரு முருங்கைக் கிளையை முன்னிட்டு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் செத்த அன்று அம்மா முதல் வேலையாக எங்கள் அடுப்பை அணைத்தாள். குற்றாலத்தில் எங்கள் தெரு வழக்கம் அது. பிணத்தை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள். எடுக்க அவர் மூத்த மகன் கொல்லத்திலிருந்து ரயிலில் வந்தாக வேண்டும். ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? பழையதை நான் காலையிலேயே வழித்துத் தின்றிருந்தேன். எட்டு வயதில் எனக்கு வயிறுதான் பெரிய விஷயம்.

தெருக்கோடி பங்களாவின் புகைபோக்கியில் மட்டும் புகை வந்தது. உலகப்போர் முடிந்து மூன்றாவது வருஷம் அது. மலை எஸ்டேட் துரையைக் கட்டிய போலந்துக்காரத் துரைசானி, உடம்பு தேறவென்று சாரல் நாட்களில் அங்கே தங்கியிருந்தாள். பட்டாளத்தில் இத்தாலிவரை போய் வந்த என் மாமாதான் அவளுக்குச் சமையல். நான் நேரே அடுப்படிக்குப் போய் ரொட்டி கேட்டேன்.

துரைசானியும் அங்கே நின்றிருந்தாள். வீட்டில் ஏன் சமைக்கவில்லை என்று விசாரித்தாள். செத்தவர் உங்கள் சொந்தமா என்றும் கேட்டாள். அவள் இங்கிலீஷை மாமா தமிழாக்கினார், என் தமிழை இங்கிலீஷாக்கினார்.

"சொந்தமெல்லாம் இல்ல. அவுகளுக்கும் எங்களுக்கும் சண்டை."

"பொறவு என்னத்துக்கு அணைச்சீங்கன்னு கேக்காவ."

"தெருவுல பொணம் கெடக்கையில எப்பிடி மாமா அடுப்பு எரியும்?" இதுகூடத் தெரியாதா என்று எனக்கு ஆச்சரியம்.

வெள்ளை முகமும் வெளுக்கும் என்று அன்றுதான் கண்டேன். அவள் குடத்துத் தண்ணீரைத் தூக்கி அடுப்பில் கொட்டினாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து நெடுநேரம் ஏதோ சொன்னாள். அதை மாமா எனக்குச் சொல்லவில்லை. ரொட்டியும் தரவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டில் எடுத்தார்கள். அம்மா தலை முழுகிவிட்டு உலை வைக்கும்போது மாமா வந்தார்.

"சண்டை நேரத்துல அந்தம்மா ஊருல ஜெர்மன்காரன் வந்து, யூதங்கன்னு ஒரு சனம், அத்தன பேரையும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சுட்டுட்டானாம்க்கா. பக்கத்து வீட்டுத் தையக்காரர், பெஞ்சாதி, நம்ம பிள்ள வயசுல ஒரு மக. போறத சன்னல் வழியா இவ பாத்துட்டு நின்னிருக்கா. மத்தியானம் வரைக்கும் துப்பாக்கிச் சத்தமாம். அன்னைக்கும் இவ வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கு. ரெண்டு தட்டு சூப்பு குடிச்சேன், ரெண்டு தட்டு குடிச்சேன்னு அழுதா."

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எப்பம்லே எடுத்தாவளாம்?"

"எடுக்க ஒரு ஆளக்கூட விட்டு வைக்கலையேக்கா."

இழவு வீட்டுக்குக் கொண்டுபோவது போலவே சோற்றைத் தூக்குவாளியில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா பங்களாவுக்குப் போனாள். அந்தப் படி அவள் ஏறியது அதுதான் முதல் தடவை. துரைசானி வேண்டாம் என்று தலையாட்டினாள். "உசுரோட இருக்கவ சாப்பிடணும்லா தாயி" என்று தமிழிலேயே சொல்லி, அம்மா ஒரு உருண்டை உருட்டி அவள் கையில் வைத்தாள். அவள் அதைத் தின்றாள். அன்று அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆனாலும் கவலை தீரவில்லை. எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. எடுக்கவோ ஆள் இல்லை. துரைசானி பட்டினியிலேயே செத்துப்போவாளே! மறுநாளும் பங்களாவில் புகை இல்லை. அம்மாதான் சோறு கொண்டுபோனாள். மூன்றாம் நாள் காலை, சாரலுக்கு நடுவே புகைபோக்கியில் மெல்லப் புகை எழுந்தது. தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.

"எடுத்துட்டாவம்மா! அவுக ஊருல எல்லாரையும் எடுத்துட்டாவ!"

அம்மா என்னை இழுத்து இறுக்கிக்கொண்டு அழுதாள். அவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.