சிவப்பு நூல் கட்டிய கேபிள்

குணசேகரன் இறந்த செய்தி நம் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் ஈப்போவில் ஒரு கடையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பு. காலையில் குளிக்கப் போனவன் திரும்பவில்லை. நீங்கள் எல்லோரும் போட்டது போல நானும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டேன். அதைப் போட எனக்கு யோக்கியதை இருந்ததா என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பழைய கணினிகளை ஓட வைத்து ஞாயிறுதோறும் கூடிப் பேசும் நம்மில் குணா ஒருவன்தான் கேபிள் இழுத்துப் பிழைத்தவன். அலுவலகங்கள் கழற்றி எறிந்த கண்ணாடி இழை நெட்வொர்க் கார்டுகளை லகாட் ஊரில் இருந்த தன் வீட்டில் பிஸ்கட் டின்களில் சேர்த்து வைத்திருந்தான். நாமெல்லாம் செம்புக் கம்பியோடு திருப்திப்பட்டபோது, அவன் தொண்ணூறுகளின் கணினிகளுக்கு இடையே ஒளியை அனுப்பிப் பார்த்தான். அந்தக் கார்டின் முதுகில் இரண்டு ஓட்டைகள். ஒன்று அனுப்பும், மற்றது வாங்கும். ரப்பர் மூடி போடாமல் கார்டை மேசையில் வைத்தால் அவனுக்குக் கோபம் வரும். “தூசி போனா குருடுலா” என்பான்.

கேபிளிலும் இரண்டு இழைகள். ஒன்றின் இரு முனைகளிலும் கோயில் கயிற்றிலிருந்து பிரித்த சிவப்பு நூலைக் கட்டியிருப்பான். அந்த இழை ஒரு கணினியில் அனுப்பும் ஓட்டைக்குப் போனால், எதிர்க் கணினியில் வாங்கும் ஓட்டைக்குப் போகவேண்டும். எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்: “ஒருத்தன் வாயி, இன்னொருத்தன் காதுலா மச்சான். ரெண்டு பேரும் பேசுனா யாரு கேக்குறது?”

சுங்காய் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் நாம் நடத்திய கண்காட்சி நினைவிருக்கும். மண்டபத்தின் இரு கோடியிலும் இரண்டு கணினிகள். இங்கே பிள்ளைகள் தட்டுவது அங்கே தெரியவேண்டும். முதல் நாளே வீட்டில் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் குணா கொண்டுவந்தான். அவன் வேனை நிறுத்தப் போன நேரத்தில், தலைமையாசிரியை வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நானே கேபிளை மாட்டினேன். இணைப்புக் கிடைத்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. மைக் என் கையில் இருந்தது. மைக் கிடைத்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. “நண்பர் கொண்டுவந்த கார்டு செத்துவிட்டது. பழைய இரும்புக்கடைச் சாமான் அப்படித்தான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். குணா வாசலில் நின்றிருந்தான்.

சாமான்களைக் கட்டும்போதுதான் பார்த்தேன். இரண்டு பக்கமும் சிவப்பு நூல் அனுப்பும் ஓட்டையிலேயே இருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கழற்றிப் பைக்குள் போட்டேன். வேனில் குணாவே பேச்சை எடுத்தான். “பரவால்ல மச்சான், பழைய சாமான்தானே” என்றான். நான் தலையாட்டினேன். அதன்பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். ஆனால் கார்டுகளைக் கொண்டுவரவில்லை. ‘குணா கார்டா, ஓடுமா?’ என்று நீங்கள் கேலி செய்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் நாள் படையலுக்குப் போனேன். அவன் மனைவி சரசு, என் பெயர் எழுதிய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அந்த இரண்டு கார்டுகள், நான்கு ரப்பர் மூடிகளோடு; சிவப்பு நூல் கட்டிய அதே கேபிளும் இருந்தது. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“தெரியும்ணே” என்றார் சரசு. “உள்ள வந்ததுமே நூல பாத்துட்டாராம். ‘மணி சபையில பேசிக்கிட்டு இருக்கான், இப்ப போயி மாத்துனா அவனுக்கு அசிங்கமாயிரும்’னு விட்டுட்டாராம்.”

வீட்டுக்கு வந்து என் பழைய கணினிகள் இரண்டிலும் கார்டுகளைப் போட்டேன். இந்தப் பக்கம் சிவப்பு நூல் அனுப்பும் ஓட்டைக்கு, அந்தப் பக்கம் வாங்கும் ஓட்டைக்கு. பச்சை விளக்கு உடனே எரிந்தது.

அந்த டின்னும் கேபிளும் இனி என்னிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், நீங்களே தட்டிப் பாருங்கள். அந்தக் கார்டு சாகவே இல்லை. தப்பாக மாட்டியவன் நான்.