ஓசூரிலிருந்து கடல் வரை: மூன்று பேர் கூடாரமும் குடவாசல் மழையும்

காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு காரில் கிளம்பி, காவிரியைப் பிடித்துக்கொண்டே கடல் வரை போய்வர முடியுமா என்று வாசகர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். நாங்கள் ஐந்து பகல், நான்கு இரவு போய்வந்தோம். ஓட்டல் அறை எடுக்கவில்லை, எல்லா இடத்திலும் கூடாரம்தான். தூரம், செலவு, எங்கே கழிவறை கிடைக்காது என்பதுவரை எல்லாவற்றையும் எழுதுகிறேன். கூடவே நடந்ததையும் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் கடைசியில் சொல்லப்போகும் குறிப்புகள் உங்களுக்கு விளங்காது.

முதலில் யார் யார் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஓசூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பிறந்தது குடவாசல் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பத்தோரு வயதில், போன தை மாதம்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. கணவர் ராஜ்குமாருக்கு இது இரண்டாவது திருமணம். முதல் மனைவி மூன்று வருடங்களுக்கு முன் நோயில் இறந்துபோனார். மகள் மித்ராவுக்குப் பதின்மூன்று வயது.

ராஜ்குமார், முதல் மனைவி, மித்ரா மூன்று பேரும் வருடம் தவறாமல் கூடாரம் எடுத்துக்கொண்டு எங்காவது போவார்களாம். மித்ராவின் அம்மா போன பிறகு அந்த மஞ்சள் கூடாரம் பரணை விட்டு இறங்கவே இல்லை. அதை இறக்கலாம் என்று சொன்னவள் நான்தான். ஒரு பயணம் போய்வந்தால் மூன்று பேரும் ஒரு குடும்பமாகத் திரும்பி வருவோம் என்று ஆசைப்பட்டேன். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

திட்டம் போட இரண்டு வாரம் ஆனது. நம் ஊரில் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஆற்றங்கரையில் அடித்தால் போலீஸ் எழுப்பும், தோப்பில் அடித்தால் நாய் எழுப்பும். அதனால் நான்கு இடங்களிலும் போன் போட்டு முன்னாலேயே அனுமதி வாங்கினேன். மேட்டூர் பக்கம் என்னோடு வேலை பார்ப்பவரின் அக்கா தோட்டம். திருக்காட்டுப்பள்ளி அருகே ஒரு வாழைத்தோப்பு. எங்கள் ஊருக்கு அடுத்த கிராமத்தில் ஒரு சின்ன சர்ச் வளாகம். கடைசியாகப் பட்டுக்கோட்டை தாண்டி, கடலோரமாக ஒரு தென்னந்தோப்பு. என் சொந்த ஊரில் தங்கலாமே என்று கேட்பீர்கள். அப்பா அம்மா இல்லை, தம்பி திருப்பூரில் இருக்கிறான், வீடு பூட்டிக் கிடக்கிறது.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஓசூரிலிருந்து தர்மபுரி, தொப்பூர் வழியாக மேட்டூர் சுமார் 150 கிலோமீட்டர். மித்ரா அப்பாவுக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் பின்னால், அடுப்புக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில். வழி நெடுக அவர்கள் இரண்டு பேரும் பழைய பயணங்களைப் பேசிக்கொண்டு வந்தார்கள். எந்த ஊரில் கார் பஞ்சர் ஆனது, எந்தக் குரங்கு யாருடைய தோசையைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நான் சிரித்தபோதெல்லாம் மித்ரா ஒரு கணம் பேச்சை நிறுத்தினாள். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் தோட்டத்தில் கூடாரம் ஏறியது. அப்பாவும் மகளும் பழகிய கை, பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். பிறகு மித்ரா உள்ளே போய்ப் படுக்கைப் பைகளை விரித்தாள். ஓரத்தில் அவளுடையது, நடுவில் அப்பாவுடையது, வாசல் பக்கம் ஒரு பழைய சிவப்புப் பை. நான் புதிதாக வாங்கிய பை உறையோடு வெளியே கிடந்தது.

"அது அம்மா இடம்," என்றாள் மித்ரா. கோபமாகச் சொல்லவில்லை. வாஷ்பேசின் இந்தப் பக்கம் இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

ராஜ்குமார் என்னைப் பார்த்தார். "நான் கார்லயே படுத்துக்கிறேன், கொசு கம்மியா இருக்கும்," என்றேன். "இன்னைக்கு ஒரு நாள் போகட்டும், எஸ்தர்," என்றார் அவர். நல்ல மனிதர், ஆனால் பூனைக்கு மணி கட்டுகிற ஆள் இல்லை.

காரின் பின் இருக்கையில் ஐந்தடி மூன்று அங்குல ஆள் படுக்க முடியும், முழங்கால் மடங்கித்தான் இருக்கும். முதுகு வலிக்கும். ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வியர்த்துவிடும். அனுபவத்தில் சொல்கிறேன்.

மறுநாள் பவானி, ஈரோடு, கரூர் வழியாகத் திருச்சி, அங்கிருந்து கல்லணை. மொத்தம் 220 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கரூருக்குப் பிறகு ஆறு சாலையோடு கூடவே வரும், பார்க்க நன்றாக இருக்கும். கல்லணையில் மதகு வழியாகத் தண்ணீர் முட்டிக்கொண்டு போயிற்று. அப்பாவும் மகளும் நிற்க ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். "நீயும் வா" என்று ராஜ்குமார் கூப்பிட்டு, வேர்க்கடலை விற்றவரிடம் போனைக் கொடுத்தார். நான் போய் நிற்பதற்குள் மித்ரா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். அந்தப் படத்தில் அவள் தலை மட்டும் இருக்கிறது. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு கணக்கில் சேர்க்காமல் விடுவார்களே, உப்புக்குச் சப்பாணி, அப்படித்தான் இருந்தேன். வாழைத்தோப்பிலும் எனக்குக் கார்தான்.

மூன்றாம் நாள் தஞ்சாவூரில் பெரிய கோயில் பார்த்துவிட்டு, கும்பகோணம் வழியாகக் குடவாசல் பக்கம் வந்தோம். தஞ்சாவூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அக்டோபரில் டெல்டாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது குறுவை அறுப்பு. சாலையில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிக்கு. காயப்போட்ட நெல்மேல் டயரை ஏற்றாமல் ஓரம் கட்டி, எதிரே வருகிறவருக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். அவசரப்பட்டு ஆரன் அடிக்காதீர்கள், அவர்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

சர்ச் வளாகத்துக்கு அடுத்த திடலில் நெல் கொள்முதல் நிலையம். எடை போட முறை வருவதற்காக விவசாயிகள் நெல்லைக் குவித்துவிட்டு, பக்கத்திலேயே காவல் கிடந்தார்கள். நாங்கள் கூடாரம் அடிப்பதை ஒரு அக்கா வந்து வேடிக்கை பார்த்தார். பெயர் சாந்தி. ஒரு ஏக்கர் குறுவை நெல்லோடு வந்து நான்கு நாளாகிறதாம்.

"காசு செலவு பண்ணி வெட்டவெளியில தங்குறீங்களா? நாங்க சும்மாவே தங்குறோம், வந்து சேர்ந்துக்குங்க," என்றார்.

மித்ரா சிரித்துவிட்டாள். பயணத்தில் அவள் அப்பா அல்லாத ஒருவர் பேச்சுக்குச் சிரித்தது அதுதான் முதல் முறை. எனக்குச் சாந்தி அக்காமேல் பொறாமையாக இருந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நான்கரை மணிக்குத் தெற்கே கறுத்தது. புழுதி வாசம் வந்தது, பிறகு காற்று. திடலில் ஒரே ஓட்டம். சாந்தி அக்காவின் தார்ப்பாய் காற்றில் உப்பி, நடுவில் கிழிந்து, பாதி வேலியில் போய் மாட்டிக்கொண்டது. அவருடைய வீட்டுக்காரர் சாப்பாடு எடுத்துவர ஊருக்குள் போயிருந்தார். அந்த அக்கா தன் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு நெல்லின்மேல் குப்புறப் படுத்ததைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் மழை வந்தால் யார் வீட்டு நெல் என்று யாரும் கேட்பதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூட ஓடிவருவார். சண்டைபோட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு நெல்லாக இருந்தாலும் கையில் கிடைத்ததைக் கொண்டு மூட வேண்டும். சண்டையை மறுநாள் தொடரலாம். எனக்கு அது நடக்கக் கற்றபோதே வந்த பழக்கம். யோசிக்கவே இல்லை. கூடாரத்தின் மேலே போட்டிருந்த மஞ்சள் மழைத்துணியின் முளைகளைப் பிடுங்கி, துணியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

நானும் சாந்தி அக்காவும் அதை நெல்மேல் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தோம். ஒரு காற்று வந்து துணியைத் தூக்கியது. செங்கல் வைத்த ஓரத்தில் பர்ரென்று ஒரு முழத்துக்குக் கிழிந்தது. கிழிந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். ராஜ்குமார் கூடாரத்துக்குள் இருந்ததை எல்லாம் அள்ளிக் காரில் போட்டுவிட்டு ஓடிவந்து மறு ஓரத்தைப் பிடித்தார்.

அரை மணி நேரத்தில் மழை விட்டது. நெல் தப்பித்தது. நிமிர்ந்து பார்த்தால் மித்ரா எதிரே நனைந்து நிற்கிறாள்.

"என்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். "அது எங்கம்மா வாங்குனது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நெல் நனைந்தால் ஈரப்பதம் ஏறும், திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு போக உழைப்பு முளைத்துப் போகும் என்றெல்லாம் ஓசூர்ப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது நெல்லைப் பற்றி இல்லையே. இருந்த ஒரு கயிற்றையும் நானே அறுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் சர்ச் முகப்பில் படுத்தார்கள். நான் காரில். நாற்பத்தோரு வயது வரை தனியாக இருந்தவள்தான் நான், ஆனால் அந்த இரவு போலத் தனியாக இருந்ததில்லை.

காலையில் சாந்தி அக்கா மழைத்துணியைச் சேறு போக அலசி, மடித்துக் கொண்டுவந்தார். என்னிடம் தரவில்லை, நேரே மித்ராவிடம் போனார். "கிழிஞ்சிபோச்சு பாப்பா. உன் பொருளு. மன்னிச்சுக்க."

மித்ரா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நெல்லு நனைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"வந்து பாரேன்," என்று கூட்டிப்போனார். மித்ரா குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். "அப்பா, உள்ள சூடா இருக்கு," என்றாள். அப்பாவிடம்தான் சொன்னாள், ஆனால் எனக்கும் கேட்கிற மாதிரி.

அங்கிருந்து மன்னார்குடி சுமார் 35 கிலோமீட்டர். பெரிய தெப்பக்குளத்தைப் பார்க்கலாம் என்று திட்டத்தில் இருந்தது. நான் முதலில் லாரித் தார்ப்பாய் தைக்கிற கடையைத்தான் தேடினேன். கடைக்காரர் துணியைப் புரட்டிப் பார்த்தார்.

"மஞ்சள் இல்லைங்க. நீலத்துலதான் ஒட்டுப் போட முடியும். போட்டுடட்டுமா?"

சரி என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "துணி அவளோடது. அவகிட்ட கேளுங்க," என்றேன்.

அவர் காருக்குப் போய், ஜன்னல் வழியாக ஒரு நீலத் துண்டைக் காட்டினார். மித்ரா இறங்கி வந்தாள். "இரட்டைத் தையலா போடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் மிதித்து முடிக்கும்வரை மிஷினுக்குப் பக்கத்திலேயே நின்றாள். கூலி நூற்றைம்பது ரூபாய். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

பட்டுக்கோட்டைக்கு இன்னொரு 40 கிலோமீட்டர், அங்கிருந்து கடலுக்கு 15. நெல் முடிந்து தென்னை தொடங்கும். கடல் அங்கே அலையில்லாமல் குளம் மாதிரி கிடக்கும். அலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேறு இடம் போங்கள். தோப்பில் கூடாரம் ஏறியது. ஒட்டுத் துணியோடு மழைத்துணியும் மேலே ஏறியது. நான் வழக்கம்போலக் காரின் பின் இருக்கையைத் துடைக்க ஆரம்பித்தேன். லேசாகத் தூறியது.

"இங்க வாங்க," என்று கூடாரத்துக்குள்ளிருந்து குரல்.

குனிந்து பார்த்தேன். வாசல் பக்கம் அந்தச் சிவப்புப் பையில், இடுப்பு வரை நுழைந்து மித்ரா உட்கார்ந்திருந்தாள். நடுவில் ராஜ்குமார் பை. மறு ஓரத்தில், அவள் இடத்தில், உறை பிரித்த என் புதுப் பை.

"இந்தப் பக்கம் தையல் போட்டிருக்கு. ஒழுகுனாலும் ஒழுகும். நான் இங்க படுத்துக்கிறேன், நீங்க அங்க படுங்க," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் திருச்சி, சேலம் வழியாக நேராக ஓசூர். சுமார் 400 கிலோமீட்டர், பகல் முழுக்க ஓட்டம்.

இனிக் குறிப்புகள். மொத்தம் 900 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. பெட்ரோல், சுங்கம், சாப்பாடு, சர்ச்சுக்குக் கொடுத்த காணிக்கை எல்லாம் சேர்த்து மூன்று பேருக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்தது. வாழைத்தோப்பில் கழிவறை கிடையாது, திருக்காட்டுப்பள்ளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். டெல்டாவுக்கு அக்டோபரில் போனால் உபரியாக ஒரு தார்ப்பாய் எடுத்துப்போங்கள், உங்களுக்கு வேண்டாவிட்டாலும் யாருக்காவது வேண்டியிருக்கும். அதை எடுப்பதற்கு முன் அது யாருடையது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கூடார உறையில் மூன்று பேருக்கு என்று போட்டிருந்தால் நம்பலாம். நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று பேர் படுக்கலாம்.

தார்ப்பாய்க் கடையில் ஒட்டுப் போட்டால் தாங்குமா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தாங்கும். விடிய விடியத் தூறியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. காலையில் மழைத்துணியைக் கழற்றி மடித்தவள் நான்தான். நீல ஒட்டு இருந்தது கால்மாட்டில். வாசல் பக்கம் தையலே இல்லை.