விளக்கு ஏற்றாத வீட்டில்

தீராத நோயோடு வாழும் அன்பர்களுக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் இதை எழுதுகிறேன். நான் சாத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியன்.

என் மனைவி காந்திமதிக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். தாமதப்படுத்தலாம், குணப்படுத்த இயலாது என்றார் மருத்துவர். வீட்டுக்கு ஆக்சிஜன் இயந்திரம் வந்தது. அதனருகே நெருப்பு கூடாது. நாற்பது ஆண்டுகளாக மாலைதோறும் அம்மன் படத்தின்முன் அவள் ஏற்றிய விளக்கை நானே எடுத்து உள்ளே வைத்தேன். தீப்பெட்டிகளை ஒளித்தேன். காரணத்தைப் பிழையின்றி எடுத்துச் சொன்னேன். அன்றுமுதல் அவள் கும்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

சென்ற ஆடி மாதத்து முதல் வெள்ளி. மாலையில் இயந்திரத்தை அணைத்து, மூக்கிலிருந்த குழாயைக் கழற்றிவிட்டு, "தீப்பெட்டியக் குடுங்க" என்றாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"குழாய மாட்டிக்கோ, காந்தி."

"விளக்கில்லாத வீட்டுல அம்மன் எப்படிங்க இருப்பா? எனக்கு மூச்சு மட்டும் இருந்து என்னத்துக்கு?"

படத்தை நோக்கி மனத்துக்குள் கேட்டேன்: தாயே, குணம் கேட்கவில்லை. இவளுக்குச் சொல்ல ஒரு சொல் கொடு.

வாசலில் பேச்சியம்மாள் நின்றிருந்தாள். பக்கத்துத் தெரு. அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வேலை. வெள்ளிதோறும் பூக் கொண்டுவருவாள்; உடையில் வெடிமருந்துத் தூள் இருக்கும் என்று உள்ளே வரமாட்டாள். நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"என்னக்கா பேசுறீக? எங்க கம்பெனியில சூடம் கொளுத்துனா சாமி வராது, நாங்கதான் மொத்தமா சாமிகிட்டப் போவோம்!"

காந்திமதி சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாயிற்று.

"காலையில வேலை செய்யுற ரூம் வாசல்ல ஒரு பூவ வச்சு, வெறுங்கையோடதான் கும்பிடுறோம். இருவது வருசமா. அங்கன அவ இல்லாமலா நான் இங்கன வந்து நிக்கிறேன்? மொதல்ல குழாய மாட்டுங்க."

மாட்டிக்கொண்டாள். பேச்சியம்மாளிடமிருந்து பூவை வாங்கிக் கொடுத்தேன். படத்தின்முன் வைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு கைகூப்பினாள்.

அதன்பின் ஏழு மாதங்கள் இருந்தாள். நோய் கூடிக்கொண்டேதான் போனது. ஆனால் குழாயை அவள் மறுபடி கழற்றவில்லை. மாலைதோறும் ஒரு பூ. மாசியில் ஒரு நாள், பூவை என் கையில் தந்து வைக்கச் சொன்னாள். வைத்துவிட்டுத் திரும்பினேன். போய்விட்டிருந்தாள்.

காரியம் முடிந்த மாலை, பேச்சியம்மாள் குளித்துவிட்டு வந்து முதன்முறையாக வீட்டுக்குள் நுழைந்தாள். விளக்கைத் துலக்கித் திரியிட்டாள். தீப்பெட்டியை எங்கே ஒளித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

"ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்யுற சாத்தூருக்குள்ள தீப்பெட்டி இல்லாத வீடு இது ஒண்ணுதான் சார்" என்றபடி அவளே போய் வாங்கி வந்தாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் விளக்கு ஏற்ற முடியாமல் போயிருக்கலாம். கலங்க வேண்டாம். ஒரு பூ வையுங்கள். அதுவும் கிடைக்காத நாளில் கையைக் கூப்புங்கள். எங்கள் வீட்டில் பல மாதங்கள் விளக்கு எரியவில்லை. அம்மன் இருந்தாள்.